மரத்துப்போகாத பல்லும் மூட்டைப் பொட்டாஷும்

பல் டாக்டர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு டாக்டர் என் அக்காவிடம் "அது வலி இல்லம்மா, பயம்" என்று சொன்னது மட்டும் பல வருஷமாக என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. அவர் கெட்ட மனுஷன் இல்லை. வெளியே ஏகப்பட்ட கூட்டம், உள்ளே நாற்காலியில் ஒருத்தி ஊசி போட்டும் துள்ளுகிறாள், அவர் வேறு என்னதான் நினைப்பார்? ஆனாலும் ஒருத்தருக்கு வலிக்கிறதா இல்லையா என்பதை அவரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கடைசியில் நான் வந்து நின்ற இடம் என் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கும் பொட்டாஷ். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும்.

கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். படித்தது வேதியியல். அதனால் கடைக்கு வருகிறவர்கள் உரத்தோடு சேர்த்து மாத்திரைச் சீட்டையும் நீட்டி "இது எதுக்குங்க?" என்று கேட்பதுண்டு. தெரிந்ததைச் சொல்வேன், மற்றபடி டாக்டரிடமே கேட்கச் சொல்லிவிடுவேன். அக்கா விஷயத்தில் மட்டும் அப்படி விட மனசு வரவில்லை.

அக்காவுக்குக் கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் சொத்தை. ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார்கள். சமவெளியில் அவள் புகுந்த ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக். ஊசி போட்டார்கள், உதடு தடித்தது, நாக்கு பாதி போனது, சரி என்று டிரில்லை வைத்ததும் நாற்காலியோடு எழும்பிவிட்டாள். காத்திருந்தார்கள். இன்னொரு ஊசி. மறுபடி அதே கதை. "உதடு மரத்துருச்சுல்ல? அப்ப பல்லும் மரத்துருக்கும். நீங்க பல்லை அழுத்துறதை வலின்னு நினைக்கிறீங்க" என்றார் டாக்டர். அடுத்துத்தான் அந்தப் பயம் என்கிற வார்த்தை. அக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அப்புறம் பல வருஷம் பல் டாக்டர் என்ற பேச்சே கிடையாது. கிராம்புத் தைலமும் ஒரு பக்கமாக மெல்வதுமாக ஓட்டினாள்.

இங்கே அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் காப்பித் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது கத்தி உள்ளங்கையில் இறங்கிவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் இருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அப்படிப்பட்டவளைப் பயந்தாங்கொள்ளி என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

அதே அக்காவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கல்யாண மண்டபத்தில் மைக் செட்டு அலறினால் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் நிற்பாள். கடைத்தெரு நெரிசலில் எதை வாங்க வந்தோம் என்பதே மறந்துவிடும். மார்கழிக் குளிரில் நாங்கள் எல்லாம் ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடக்கும்போது, கம்பளி மேலே பட்டாலே அரிக்கிறது, குத்துகிறது என்று சொல்லி இரண்டு பருத்திச் சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடுங்குவாள். வீட்டில் இதற்கு வைத்த பெயர் "ரொம்பத்தான்". ரொம்பத்தான் பண்ணுறா. இதைப் பல்வலிக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றுதான் நாங்கள் எல்லாரும் வைத்திருந்தோம்.

ஊசி ஏய்க்கிற இடங்கள்

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம். மரத்துப்போகிற ஊசி வேலை செய்யாமல் போவதற்குச் சாதாரணக் காரணங்களே நிறைய இருக்கின்றன. கீழ்த்தாடைக்குப் போடும் ஊசி பல்லுக்குப் பக்கத்தில் போடுவதில்லை. வாயின் உள்பக்கம் பின்னால் தாடை எலும்புக்குள் நரம்பு நுழையும் ஓட்டைக்குப் பக்கத்தில் மருந்தை விட வேண்டும். அந்த ஓட்டை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மேலே கீழே இருக்கும், கண்ணாலும் பார்க்க முடியாது, கை அனுபவம்தான். அந்த நரம்பைத் தவிர வேறு நரம்பிலிருந்து ஒரு கிளை பல்லுக்கு வருகிறவர்களும் உண்டு. கை தேர்ந்த டாக்டர் போட்டாலும் இந்த ஊசி சில பேருக்குத் தவறத்தான் செய்யும் என்பது பல் மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது சீழ். நம் ஊரில் சைலோகெயின் என்று சொல்லும் லிக்னோகெயின் நரம்புக்குள் நுழைய வேண்டுமென்றால் மின்னூட்டம் இல்லாத வடிவத்தில் இருக்க வேண்டும். உடம்பின் சாதாரண நிலையிலேயே மருந்தில் கால்வாசிதான் அந்த வடிவத்தில் இருக்கும். புண்பட்டு வீங்கிய இடத்தில் அமிலம் கூடிவிடுவதால் அந்தக் கால்வாசியும் குறைந்துபோகும். இது நல்ல காரணம், டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதும் இதுதான். ஆனால் அக்கா விஷயத்தில் எனக்கு இது முழுசாக ஒட்டவில்லை. வீக்கம் பல்லடியில் இருந்தது, ஊசி போட்டது அங்கிருந்து நன்றாகத் தள்ளி, பின்னால்.

இந்த மருந்தின் பூர்வீகம் ஒரு தானியப் பயிர் என்று படித்தபோது உரக்கடைக்காரனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோமில் பார்லிப் பயிரின் ஒரு வகையை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் அதிலிருந்த கிராமின் என்ற ஆல்கலாய்டைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார்கள். எர்ட்மன் என்ற வேதியியலாளர், தான் செய்த பொருளைப் பழக்கதோஷத்தில் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார், நாக்கு மரத்துப்போயிருக்கிறது. அது 1930களில். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் நில்ஸ் லோஃப்கிரேன் 1943-ல் லிடோகெயினை, அதாவது மேலே சொன்ன அதே லிக்னோகெயினை, உருவாக்கினார். அவரோடு இருந்த இளைஞர் பெங்ட் லுண்ட்குவிஸ்ட் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்தார். 1948 வாக்கில் அது சைலோகெயின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆக, இந்த மருந்தின் ஆரம்பமே ஒருத்தர் "எனக்கு மரத்துப்போச்சு" என்று சொன்னதை மற்றவர்கள் நம்பியதில்தான் இருக்கிறது. மரத்துப்போச்சு என்றால் நம்புகிறோம், மரத்துப்போகவில்லை என்றால் மட்டும் பயம் என்கிறோம். இது என்ன கணக்கு?

அம்மா வாய் திறந்தது

பல் கடைசியில் தூங்கவே விடாத நிலைக்கு வந்தபோது வேறொரு ஊரில் ஒரு இளம் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். அம்மாவும் கூட வந்தாள், வழித்துணைக்கு என்று. அக்கா உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்: "எனக்கு ஊசி பிடிக்காது டாக்டர். அதாவது போட்டாப் பிடிக்காது, மரக்காது." அந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வலிச்சா இடது கையைத் தூக்குங்கக்கா, நான் நிறுத்திருவேன்" என்றார். ஊசி போட்டார், பொறுமையாகக் காத்திருந்தார். டிரில்லைத் தொடாமல், ஒரு பஞ்சு உருண்டையில் எதையோ சில்லென்று பீய்ச்சி அதைப் பல்லின் மேல் வைத்தார். அக்காவின் இடது கை மேலே போனது. பஞ்சை உடனே எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்தார். மறுபடி கை.

அப்போது அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "நான் சரியான எடத்துலதான் போட்டிருக்கேன், உதடு நல்லா மரத்திருக்கு. ஆனா பல்லு மரக்கலை. ரெண்டும் நிசந்தான்."

ரெண்டும் நிசந்தான். இவ்வளவுதான் விஷயம். முதல் டாக்டருக்கு இரண்டில் ஒன்று பொய்யாக இருந்தாக வேண்டியிருந்தது. அவருடைய கை பொய்யாகாது என்பதால் அக்காவின் வாய் பொய்யாகிவிட்டது. இந்த டாக்டரம்மா செய்தது ஒரு பஞ்சு உருண்டைச் செலவுதான், அதிலேயே பயமா வலியா என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது. பயம் என்று சொல்வதும் ஒரு முடிவுதான், அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். இதற்கு முன்னால் வேறு எங்கேயாவது ஊசி பிடிக்காமல் போயிருக்கிறதா? மூட்டு ரொம்ப வளையுமா? திடீரென்று கை கால் விழுந்த மாதிரி ஆகி, அப்புறம் தானாகச் சரியாவது உண்டா? தேள் கொட்டியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன், ஏதோ வைத்தியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அவர் சிரிக்காமல் விளக்கினார். தேள் கொட்டியவர்களுக்கு முதுகில் போடும் மயக்க ஊசி சரியாகப் பிடிக்காமல் போனதை நம் நாட்டு மயக்க மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள், தேள் விஷமும் இந்த மருந்தும் வேலை செய்வது நரம்பின் ஒரே சோடியம் சேனலில்தான், அதாவது நரம்பு சேதி கடத்தச் சோடியத்தை உள்ளே விடுகிற வாசலில்தான் என்றார். அக்காவுக்குத் தேள் கொட்டியதில்லை. "வீட்டுல வேற யாருக்காவது இப்படி ஊசி பிடிக்காம இருந்திருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று அக்கா தலையாட்டினாள்.

கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, யாரும் அவளைக் கேட்காமலே, "எனக்கும் அப்புடித்தேன்" என்றாள்.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. "இவ பொறந்தப்ப தையல் போட்டாங்கல்ல, ஊசி போட்டுட்டுத்தேன் தச்சாங்க. அம்புட்டும் தெரிஞ்சுச்சு. ஒவ்வொரு குத்தும்."

"சொல்லலையாம்மா அவங்ககிட்ட?"

"என்னத்தச் சொல்ல? எல்லாருக்கும் அப்புடித்தேன் இருக்கும்னு நெனச்சேன். கத்துனதுக்கு நர்சம்மா வேற வஞ்சுச்சு."

அக்காவின் வயசு எவ்வளவோ அவ்வளவு வருஷம் அந்த விஷயம் அம்மாவுக்குள் கிடந்திருக்கிறது. மறைத்தாள் என்று சொல்ல முடியாது. சொல்லுவதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. ஊசி என்றால் போடுவார்கள், அப்புறமும் வலிக்கும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் உலகம் என்று இருந்திருக்கிறாள். டாக்டரம்மா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதை அம்மா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் எந்த டாக்டரும் அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதி நான் பார்த்ததில்லை.

ஆனால் அம்மா அதோடு விடவில்லை. "தேளு எனக்குக் கொட்டியிருக்கு. சின்னப்புள்ளைல, வத்தலகுண்டுப் பக்கம் இருந்தப்ப, வைக்கப்போர்ல கையை விட்டு" என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். ஆக அம்மாவுக்குத் தேள் ஒரு காரணமாக இருக்கலாம், மகளுக்கு அது பொருந்தாது, இருவருக்கும் பொதுவாக வேறொன்று இருக்கலாம், அல்லது இரண்டும் வேறு வேறு கதையாகவே இருக்கலாம். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல்முறையாக.

பல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஆர்ட்டிக்கெய்ன் என்ற வேறு மருந்தை எடுத்து, பல்லைச் சுற்றியும், பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பஞ்சை வைத்துப் பார்த்தார், கை எழும்பவில்லை. வேலை நடந்தது. முழுசாக மரத்தது என்று சொல்ல முடியாது, தாங்குகிற அளவுக்கு இருந்தது என்கிறாள் அக்கா. மருந்து மாறியதாலா, போட்ட இடம் மாறியதாலா, நம்புகிற ஆள் கையில் இருந்ததாலா, இதைப் பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

இதய டாக்டர்களுக்கு எப்பவோ தெரிந்தது

கிளம்பும்போது டாக்டரம்மா, முடிந்தால் ஒருமுறை ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்து வையுங்கள் என்றார். பொட்டாசியம் என்றதும் என் காது நிமிர்ந்துவிட்டது. என் பிழைப்பே அதுதான். வாழைக்கும் காப்பிக்கும் மிளகுக்கும் நான் அளந்து போடுகிற சிவப்புக் குருணை பொட்டாசியம் குளோரைடு. ஆஸ்பத்திரியில் பாட்டிலில் கலந்து சொட்டு சொட்டாக ஏற்றுவதும், கசக்கிற மருந்துத் தண்ணீராகக் குடிக்கக் கொடுப்பதும் அதே உப்புதான், சுத்தம் செய்தது. அதற்கும் பல் ஊசிக்கும் என்ன உறவு என்று வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

முதலில் கையில் வந்தது 2007-ல் குழந்தைகள் நரம்பியல் இதழ் ஒன்றில் மைக்கேல் சீகல் என்ற நரம்பியல் மருத்துவரும் மற்றவர்களும் எழுதிய சிறிய கட்டுரை. சத்தம், வெளிச்சம், தொடுகை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதுகிற மாதிரி உணர்கிற, கவனம் சிதறுகிற ஒரு நிலையை அவர்கள் விவரிக்கிறார்கள். அதற்கு இரண்டு அடையாளம். ஒன்று, பொட்டாசியம் குளுக்கோனேட் குடித்தால் அரை மணி நேரத்துக்குள் அந்த மோதல் தணிகிறது. இன்னொன்று, இவர்களுக்கு லிடோகெயின் சரியாக மரக்க வைப்பதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து கை கால் விழுந்துவிடும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. வயிறு முட்டச் சோறோ இனிப்போ சாப்பிட்டுப் படுத்தால், விடியற்காலையில் எழுந்திருக்க முடியாது, சில மணி நேரத்தில் தானாகச் சரியாகும். அந்த நோயின் தூரத்து உறவாக, தசைக்குப் பதில் உணர்வு நரம்பில் வருகிற ஒன்றாக இது இருக்கலாம் என்பது அவர்களுடைய யோசனை.

படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு வந்தது சந்தேகம். மைக் செட்டு, கம்பளி, மரக்காத ஊசி என்று எல்லாம் அக்காவுக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. இவ்வளவு பொருந்தினால் நான் பொருத்திப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்றுதான் அர்த்தம். சத்தம் பிடிக்காதவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்து எழுதிய கட்டுரை அது, பெரிய அளவில் யாரும் எடுத்துச் செய்ததாக என் கண்ணில் படவில்லை. பொட்டாசியம் குடித்தால் அப்புறம் பல் ஊசி பிடிக்கும் என்றும் அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அதன் பின்னால் இன்னொரு கதவு திறந்தது, அது உறுதியான கதவு. லிடோகெயின் பல்லுக்கு மட்டும் இல்லை, இதயத்துக்கும் மருந்து. இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்தால் அந்த லிடோகெயின் சரியாகப் பிடிக்காது, முதலில் பொட்டாசியத்தைச் சரி செய் என்பது இதய டாக்டர்களுக்குப் பாடப்புத்தக விஷயம். காரணமும் தெரிந்ததுதான். லிடோகெயின் சோடியம் சேனலை உள்பக்கத்திலிருந்து அடைக்கிற மருந்து. சேனல் சும்மா ஓய்வாக இருக்கும்போது அதில் சரியாக ஒட்டாது, திறந்திருக்கும்போதோ, திறந்து மூடிச் சோர்ந்த நிலையில் இருக்கும்போதோதான் நன்றாக ஒட்டும். வெளியே பொட்டாசியம் குறைந்தால் செல்லின் உள்பக்க மின்னழுத்தம் இன்னும் கீழே போகிறது, சேனல்கள் ஓய்வுக்குப் போய்விடுகின்றன, மருந்துக்குப் பிடிமானம் குறைகிறது. இதயத்தில் இது நடக்கும் என்றால் தாடை நரம்பில் நடக்கவே நடக்காது என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியுமா? ஒரே கட்டடத்தில் முதல் மாடியில் இதய டாக்டர் ஊசிக்கு முன் பொட்டாசியம் என்ன என்று கேட்கிறார். தரைத்தளத்தில் பல் டாக்டர் அதே மருந்தைப் போட்டுவிட்டுப் பயம் என்கிறார். எனக்கு உறுத்துவது இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. பல் ஊசியில் லிக்னோகெயினோடு அட்ரினலின் கலந்திருக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்க. சாதாரணமாக 80,000-க்கு ஒரு பங்கு. அட்ரினலின் ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும். ஆரோக்கியமான ஆட்களுக்கு அட்ரினலினைச் சொட்டாக ஏற்றிப் பார்த்ததில் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 0.8 மில்லிமோல் இறங்கியதை 1983-ல் ஓர் ஆய்வு காட்டியது. சாதாரண அளவே 3.5 முதல் 5 வரைதான் என்னும்போது அது பெரிய இறக்கம். பல் ஊசியில் இருப்பது ரொம்பச் சின்ன அளவு, ஆனாலும் கடைவாய்ப்பல் அறுவையில் அந்த ஊசிக்குப் பிறகு பொட்டாசியம் கொஞ்சம் இறங்குவதை பிரிட்டனில் அளந்திருக்கிறார்கள். பயந்தால் நம் உடம்பே அட்ரினலினைச் சுரக்கும். அதனால் பயம் என்று சொன்ன அந்த முதல் டாக்டர்கூட ஒரு சுற்று சுற்றிவந்து பாதி சரியாக இருந்திருக்கலாம். அந்தப் பாதிக்கும் அக்காவைத் திட்டியிருக்க வேண்டியதில்லை.

பொட்டாசியத்தை முதன்முதலில் தனியாகப் பிரித்து எடுத்த ஹம்ஃப்ரி டேவிக்கும் பல்வலிக்கும் சம்பந்தம் உண்டு என்பது இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த இலவச இணைப்பு. 1807-ல் பொட்டாஷை உருக்கி மின்சாரம் பாய்ச்சி அந்த உலோகத்தை எடுத்தவர் அவர். அதற்குச் சில வருஷம் முன்னால், சிரிப்பு வாயுவைத் தானே முகர்ந்து முகர்ந்து சோதித்தபோது, கடைவாய்ப்பல் முளைத்து ஈறு வீங்கியிருந்த தன் வலி அதில் அடங்கியதைக் கவனித்தார். அறுவை சிகிச்சையில் இது உதவலாம் என்று 1800-லேயே எழுதியும் வைத்தார். யாரும் சட்டை செய்யவில்லை. அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் அந்த வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லைப் பிடுங்கச் சொன்னது 1844-ல். நடுவில் போன நாற்பத்து நான்கு வருஷத்தில் எத்தனை பேர் கத்தியிருப்பார்கள்!

பழைய இலையும் புது இலையும்

சரி, அக்காவின் பொட்டாசியம் எவ்வளவு வந்தது? 3.9. சுத்தமாகச் சாதாரணம்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அக்கா "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றாள். நான் அதோடு விடவில்லை, அதற்குக் காரணம் என் கடை. பொட்டாஷ் குறைந்த வாழையைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள் பெரும்பாலும் குருத்தைக் காட்டுவார்கள், குருத்து பச்சைப்பசேல் என்று இருக்கும். நான் அடியிலைகளைக் கேட்பேன். ஓரம் மஞ்சளாகிக் காய்ந்து, நுனி உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். வாழை தன் பழைய இலையிலிருந்து பொட்டாஷை உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும், அதனால் எந்த இடத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில். மனுஷ உடம்பில் இருக்கிற பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது, ரத்தத்தில் ஓடுவது மிச்சம் இருக்கிற கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை, அதுவும் அக்கா நிம்மதியாக இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில் எடுத்து அளந்திருக்கிறார்கள். கை கால் விழும் அந்தப் பரம்பரை நோயிலேயே, விழாத நேரத்தில் ரத்தம் பார்த்தால் பொட்டாசியம் சரியாகத்தான் இருக்கும். அதற்காக 3.9 என்பதற்குப் பின்னால் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். "ஒண்ணுமில்ல" என்று கோடு போட்டு முடிக்க அந்த ஒரு எண் போதாது, அவ்வளவுதான்.

டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒருத்தர், "அப்ப பல்லு புடுங்கப் போறதுக்கு முன்னாடி உங்க கடையில ஒரு சிட்டிகை பொட்டாஷ் வாங்கி வாயில போட்டுக்கலாமாண்ணே?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்றாலும் இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உர மூட்டையில் இருப்பது தின்கிற பொருள் இல்லை. மருந்துக்கடைப் பொட்டாசியம்கூட டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. குறைந்தால் தசை விழும், கூடினால் இதயமே நின்றுவிடும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சின்னது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கூடுவது ரொம்ப எளிது. ஆசை இருந்தால் வாழைப்பழம் சாப்பிடுங்கள். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு, அதோடு எங்கள் மலைவாழை விருப்பாச்சிக்கு நாலு காசும் கிடைக்கும். முடிக்கொத்து நோயில் தோட்டம் தோட்டமாக அழிந்து, மறுபடி தலையெடுத்து வந்த வாழை அது, விலை சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

அக்காவுக்காக ஒரு சீட்டு எழுதி, நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். லிக்னோகெயின் தாடை ஊசியில் உதடு மரத்தது, பல் மரக்கவில்லை, ஆர்ட்டிக்கெய்ன் பல்லைச் சுற்றிப் போட்டதில் ஓரளவு பிடித்தது, அம்மாவுக்கும் பிரசவத் தையலில் ஊசி பிடிக்கவில்லை, அம்மாவுக்குத் தேள் கொட்டியிருக்கிறது, பொட்டாசியம் 3.9, தேதி, வெறும் வயிறா இல்லையா. இவ்வளவுதான். அக்காவின் மகளுக்கு இன்னும் எந்த ஊசியும் போட வேண்டி வரவில்லை. கம்பளி மட்டும் அவளுக்கும் ஆகாது.

மிளகு பறிப்பு முடிந்ததும் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சொட்டு மருந்து விட்டோ, கண்ணைச் சுற்றி ஊசி போட்டோ செய்வார்கள், இரண்டுமே இந்த மருந்தும் இதன் பங்காளிகளும்தான். சீட்டில் இன்னொரு நகலை அம்மாவிடம் கொடுத்து டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "அதெல்லாம் வேணாம்டா, அவுக கோவிச்சுக்குவாக" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அக்கா அதை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் அன்றைக்குத் தானே கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.